எடை மேடையில தூங்கின மெத்தைக்காரர்

இல்லம்மா, வார்டு கதவு இன்னும் தொறக்கல. நாலு மணிக்குத்தான் விடுவாங்க. அந்த வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான், ஆனா நாலு அடிக்காம ஒரு ஈயைக்கூட உள்ள விடமாட்டாரு. நின்னுட்டே இருக்காதீங்க, வந்து உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது. இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. பையைக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன்.

ரெண்டு பஸ் மாறி வந்தீங்களா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. தண்ணி குடிங்க. இது வீட்டுல காய்ச்சின தண்ணிதான், பயப்படாம குடிங்க.

நானா? நானும் இந்த எலும்பு வார்டுலதான் ஒருத்தரைப் பாக்கணும். தெரிஞ்சவரு. இல்லல்ல, கூட வேலை பாக்கறவரு இல்ல. ஆனா வேலை பாக்கற இடத்துல பழக்கம். நான் பைபாஸ் செக்போஸ்ட்டுல எடை மேடையில இருக்கேன். தெரியுமா? சரிதான், உங்களுக்குத் தெரியாம இருக்குமா. அதேதான், ரோட்டோட ரோடா பெரிய இரும்புத் தட்டு பதிச்சிருக்கும், லாரி முழுசா அது மேல ஏறி நிக்கும், எனக்கு உள்ள செவப்பா எடை காட்டும். நாள் பூரா மைக்கைப் புடிச்சுக்கிட்டு, முன்னாடி வாங்க, போதும், நில்லுங்க, இன்ஜினை அணைங்க. வீட்டுலயும் இதே மாதிரிதான் பேசறேனாம், எங்க அண்ணி சொல்லுவாங்க. ஒருநாள் எங்க அண்ணன் சாப்பிட உக்காந்தாரு, நான் என்னையறியாம, கொஞ்சம் பின்னாடி எடுங்கன்னு சொல்லிட்டேன்.

சிரிங்க சிரிங்க, பரவால்ல. வந்ததுலேர்ந்து இப்பத்தான் சிரிக்கறீங்க.

ஆமாம்மா, அண்ணன் வீட்டுலதான் இருக்கேன். கல்யாணமா? வந்து பாத்தாங்க, ஏன் பாக்கல. எல்லாரும் வந்து உக்காந்து, பலகாரத்தைத் தின்னுட்டு, பொண்ணு லாரிக்காரங்க நடுவுலயா வேலை பாக்குதுன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. அதுலயே வயசும் போயிடுச்சு. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல. அண்ணிக்குத்தான் செஞ்ச பலகாரமெல்லாம் வீணாப் போச்சேன்னு வருத்தம்.

லாரிக்காரங்கன்னா என்னம்மா, அவங்களும் மனுஷங்கதானே. என்ன, எடை மேடைக்கு வந்தா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. நான் என்னவோ அவங்க வண்டியில மூட்டையை ஏத்தினவ மாதிரி முறைப்பாங்க. ஒரே ஒருத்தர்தான் சிரிச்சுக்கிட்டே வருவாரு. மெத்தைக்காரர்னு பேரு வெச்சிருந்தேன். மெத்தை கம்பெனியோட லோடு. பாத்தா வானத்துக்கு ஏத்தியிருக்கும், தட்டுல நிறுத்தினா எடையே காட்டாது. ஏங்க, காத்தைக் கொண்டு போறவனுக்கு எதுக்குங்க தராசுன்னு கேப்பாரு. என் ஜன்னலும் லாரி டிரைவர் சீட்டும் ஒரே உசரம், அதனால நேருக்கு நேராத்தான் பேசறது. வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. ரசீது கிழிக்கற நேரம்தான் பேச்சு. அதுக்குள்ள எப்படியாவது ஒருதடவை சிரிக்க வெச்சுட்டுத்தான் போவாரு.

அப்புறம் மலைப்பக்கம் வெள்ளம் வந்துச்சு பாருங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரே ராத்திரியில ஊரு ஊரா அடிச்சிட்டுப் போச்சு. மேல போறதுக்கு இருக்கறது எங்க ரோடு ஒண்ணுதான். நிவாரண வண்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வர ஆரம்பிச்சுது. நாங்க என்ன பண்ணினோம்? வழக்கம்போல நிறுத்தி வெச்சோம். பர்மிட் இந்த ஜில்லாவுக்கு இல்ல, எடை கூட இருக்கு, சீல் சரியில்ல. கம்பளி ஏத்தின வண்டி ஒண்ணு, ஒரு கையெழுத்து இல்லன்னு மத்தியானம் வரைக்கும் நின்னுச்சும்மா. டிரைவர் இறங்கி வந்து என் ஜன்னலைத் தட்டி, அங்க குழந்தைங்க ஈரத்துல படுத்திருக்குங்க, நீங்க எதை எடை போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு கேட்டாரு. அன்னிக்குச் சோறு எறங்கல எனக்கு.

அதனால சட்டத்தைத் தளர்த்தறோம்னு உத்தரவு வந்தப்ப என்னை மாதிரி சந்தோஷப்பட்டவங்க இல்ல. நிவாரண வண்டின்னு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா போதும். எடை போட வேணாம், பர்மிட் கேக்க வேணாம், டோல் கிடையாது, பக்கத்து வழியில நேரா போயிட்டே இருக்கலாம். எங்க சூப்பர்வைசர் ஒருத்தர் இருக்காரு, எப்பப் பாத்தாலும் விசிலடிச்சுக்கிட்டே இருப்பாரு, நாங்களே விசில்னுதான் கூப்பிடுவோம். அவரே ரோட்டுல இறங்கி, போ போன்னு கையைக் காட்டினாரு. நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா அதே உத்தரவுல இன்னொண்ணும் இருந்துச்சு. டிரைவருங்க இவ்வளவு நேரம் ஓட்டினா இவ்வளவு நேரம் ஓய்வு எடுத்தாகணும்னு சட்டம் இருக்குல்ல, அதையும் தூக்கிட்டாங்க. யாரு வேணா எவ்வளவு வேணா ஓட்டலாம். முதல்ல எனக்கும் அது உறைக்கல. நம்ம மெத்தைக்காரரைப் பாத்தப்பதான் உறைச்சுது.

ஆமாம்மா, அவரும் போனாரு. மொத ஆளா போனவரே அவருதான். முகாம்ல படுக்க மெத்தை வேணும்ல. கம்பெனிக்காரங்க குடவுனையே தொறந்து விட்டுட்டாங்க. இவரு ஏறறதும் இறங்கறதுமா இருந்தாரு. வேடிக்கை என்னன்னா, பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு எடை மேடைக்கே வருவாரு. உங்களுக்குத்தான் வேணாமே, பக்கத்துல போங்கன்னு சொன்னா, பழக்கதோஷம்ங்க, வண்டி தானா வருதும்பாரு.

ஒருநாள் வந்து நின்னாரு. சிரிக்கல. கண்ணு ரெண்டும் கோவைப்பழம். கடைசியா எப்ப தூங்கினீங்கன்னு கேட்டேன். யோசிக்கறாரும்மா. யோசிச்சுக்கிட்டே இருக்காரு. மேல கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் ரோடே இல்ல. இந்த ஆளை நான் எந்தச் சட்டத்தைச் சொல்லி நிறுத்தறது? இருந்த ஒரு சட்டத்தையும் எடுத்தாச்சு.

மைக்கை எடுத்தேன். எடை நிக்கமாட்டேங்குது, மிஷின் தகராறு, இன்ஜினை அணைச்சுட்டு ஆடாம அசையாம இருங்கன்னேன். சரிங்கன்னாரு. ஸ்டியரிங் மேல கையை மடிச்சு வெச்சாரு, அது மேல தலையை வெச்சாரு, அவ்வளவுதான். பின்னாடி வண்டி முழுக்க மெத்தை, மனுஷன் ஸ்டியரிங் மேல தூங்கறாரு.

நான் செவப்பு விளக்கைப் போட்டேன். பின்னாடி வரிசை கட்டிடுச்சு. நிவாரண வண்டிக்குத் தனி வழி இருக்கு, அதுங்க பாட்டுக்குப் போயிட்டு இருந்துச்சு. நின்னதெல்லாம் சிமெண்டு, டைல்ஸு, கோழித்தீவனம். ஹாரன்னா ஹாரன், காது கிழிஞ்சுது. விசில் ஓடி வந்தாரு, என்னம்மா பண்ணற, வேலை போயிடும்னாரு. சார், அந்த மெத்தை கொஞ்சம் லேட்டாப் போனா பரவால்ல, போய்ச் சேராமயே போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அவரு எட்டி லாரியைப் பாத்தாரு. போய் மிஷின் ரிப்பேர்னு போர்டை எடுத்து மாட்டிட்டு வந்தாரு.

சிமெண்டு லாரிக்காரர் ஒருத்தர், நல்ல ஆஜானுபாகுவான ஆளு, சண்டைக்கே வந்துட்டாரு. விறுவிறுன்னு நடந்து வந்து கதவுல காலை வெச்சு ஏறி உள்ள பாத்தாரு. பாத்துட்டு மெதுவா இறங்கினாரு. பின்னாடி போயி ஒவ்வொரு வண்டியா என்னமோ சொல்லிக்கிட்டே போனாரு. ஹாரன் நின்னுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா இன்ஜினையும் அணைச்சாங்க. அந்த ரோடு அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்லம்மா. காக்கா கத்தறது கேட்டுச்சு.

என்னம்மா, கண்ணு கலங்குது? தூசியா? இங்க ஜன்னலைத் தொறந்து வெச்சுடறாங்க. இந்தாங்க, தொடச்சுக்குங்க.

ரொம்ப நேரம் கழிச்சு மெத்தைக்காரர் எந்திரிச்சு, மிஷின் சரியாயிடுச்சாங்கன்னு கேட்டாரு. ஆயிடுச்சு, போங்கன்னேன். கண்ணாடியில பின்னாடி வரிசையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

அடுத்த தடவை வந்தப்ப மெத்தை இல்ல, மாவு மூட்டை. எடைக்கும் உசரத்துக்கும் கேள்வி கேக்க ஆளில்லாததால தலைக்கு மேல ரெண்டு வரிசை சேத்து ஏத்தியிருந்தாங்க. எனக்குப் பாக்கவே புடிக்கல. அதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு, ஏங்க, என்னை ஒருத்தர் தூங்க வெச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, நீங்க என்னைக் கட்டிக்கறீங்களான்னு கேட்டுட்டாரு.

அதெல்லாம் ஜன்னல்லயா கேக்கறதுன்னா, வேற எங்கம்மா கேப்பாரு? அந்த ஜன்னல் ஒண்ணுதானே எங்களுக்கு.

உங்க வீட்டுல கேட்டீங்களான்னேன், வேற என்ன பேசறதுன்னு தெரியாம. அவங்க அம்மா ஒத்துக்கமாட்டாங்கன்னாரு. அவங்க வீட்டுக்காரரும் டிரைவராம். சோத்தைப் போட்டு மூடி வெச்சுட்டு ரோட்டைப் பாத்து நிக்கறதே பொழப்பாப் போச்சாம் அந்தம்மாவுக்கு. நான் நின்ன மாதிரி இன்னொருத்தி பொண்ணு வாசல்ல நிக்கறதுக்கு நானே கூட்டிட்டு வரமாட்டேன், நீ வண்டியை விட்டாத்தான் உனக்குப் பொண்ணு பாப்பேன்னு சொல்லிட்டாங்களாம். எனக்கு அதைக் கேட்டுக் கோவமே வரல. யாரோ பெத்த பொண்ணுக்காக யோசிக்கற மனசு எத்தனை பேருக்கு இருக்கும்?

பத்திரமா போயிட்டுத் திரும்பி வாங்க, வந்ததும் பதில் சொல்றேன்னேன். சொல்லிட்டு நிமிந்தா எல்லா லாரிக்காரனும் என்னையே பாக்கறான். மைக்கை அணைக்கல நான். பதில் மட்டும் இல்ல, கேள்வி கேட்டதுலேர்ந்து அத்தனையும் ஸ்பீக்கர்ல போயிருக்கு. வரிசை பூரா ஹாரன் அடிக்கறாங்க, கல்யாண வீடு கெட்டுச்சு போங்க. விசில் வேற அதுக்குத் தாளம் போடறாரு.

அப்புறமா? அப்புறம் ஆளைக் காணோம். போனவங்க எல்லாம் திரும்பறாங்க, இவரு வண்டி மட்டும் வரல. போனும் போகல. நான் எடையைத் தப்புத் தப்பா எழுதறேன், விசில் விசிலடிக்கறதையே விட்டுட்டாரு. கடைசியில அந்தக் கம்பளி வண்டிக்காரர் காலி வண்டியைக் கொண்டாந்து மேடையில நிறுத்தி, ஏங்க, உள்ள வந்து பாருங்கன்னாரு. வேலைக்குச் சேந்ததுலேர்ந்து அந்த ரூமை விட்டு அப்படி நான் ஓடினதில்ல. பின்னாடி மெத்தை போட்டு நம்ம மெத்தைக்காரரைப் படுக்க வெச்சிருக்காங்க. மலை மேல முகாம்ல கயிறை அவுத்தப்ப அந்த மேல் வரிசை மூட்டை சரிஞ்சு கால் மேல விழுந்திருக்கு. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டே, எடை போட்டாச்சாங்கறாரு.

ஏம்மா எந்திரிக்கறீங்க? உக்காருங்க. கால் மட்டும்தான். முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பு. தலையில ஒண்ணும் இல்ல, வேற எங்கயும் அடி இல்ல. கம்பி வெச்சுக் கட்டியாச்சு, நல்லாச் சேந்துடும், மறுபடி நடப்பாருன்னு பெரிய டாக்டர் சொன்னாருன்னு நர்ஸு என்கிட்ட சொன்னாங்க. பேசறாரு, சாப்பிடறாரு. உங்களுக்குப் போன்ல சொன்னவங்க சரியாச் சொல்லலைன்னு நீங்க படியேறி வந்தப்பவே தெரிஞ்சுது.

ஆமாம்மா, உங்க பையன்தான்.

எப்படித் தெரியாம இருக்கும்? வண்டியில கண்ணாடிக்கு மேல உங்க போட்டோதானே ஒட்டியிருக்கு. வாரா வாரம் நேருக்கு நேராப் பாக்கறேன். வந்ததுமே சொல்லலாம்னுதான் இருந்தேன், ஆனா உங்களுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு, எனக்கும் உங்க பையன் கேட்ட பொண்ணு நான்தான்னு சொல்ல வாய் வரல. அதான் என்னமோ பேசிக்கிட்டே இருந்துட்டேன்.

அவருக்கு இன்னும் பதில் சொல்லல. உங்ககிட்டச் சொல்லிட்டுச் சொல்லலாம்னு. வண்டியை விடச் சொல்லி நான் கேக்கமாட்டேன், அவரு விடவும் மாட்டாரு. ஆனா நான் எந்த வாசல்லயும் நிக்கப் போறதில்லம்மா. அவரு எங்க போனாலும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போகணும், திரும்பறப்பவும் அப்படித்தான். கண்ணு செவந்திருந்தா மறுபடியும் மிஷினை ரிப்பேராக்கிடுவேன். அதுக்கு எந்த உத்தரவும் வேணாம் எனக்கு.

நீங்க இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல. மெதுவாச் சொல்லுங்க. கதவைத் தொறந்துட்டாங்க பாருங்க. நேத்தும் வந்தேன்மா, விடல. பேஷண்டுக்கு என்ன உறவுன்னு வாட்ச்மேன் கேட்டாரு, நான் முழிச்சேன். சொந்தக்காரங்களை மட்டும்தான் விடுவாங்களாம். நீங்க முன்னாடி போங்க, நான் பையைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வரேன். அவரு அம்மா இவங்க, அண்ணே. நானா? நான் வந்து...

அண்ணே, அவங்க சொன்னது காதுல விழுந்துச்சா? அதையே எழுதிக்குங்க.

பாத்து வாங்க அத்தை, இப்பத்தான் தரையைத் தொடச்சிருக்காங்க. கையைப் புடிச்சுக்குங்க.