ஐந்தாவது கேள்விக்கு இருபது மார்க்

— நூத்தி நாப்பத்தி மூணு பேப்பரும் கூட்டியாச்சுங். இனி நீங்க இப்பிடி உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது.

— என்ன அருக்காணி இது, போலீஸ்காரன் மாதிரி? ஆறு மணிக்கு யுனிவர்சிட்டி ஆளு வந்து பேப்பர் கட்டை எடுத்துட்டுப் போயிடுவான். மார்க் லிஸ்ட்டைக் குடு, ஜல்தி. கையெழுத்துப் போடணும்.

— கையெழுத்து அப்பறமுங். மொதல்ல அஞ்சாவது கேள்வி.

— அஞ்சாவது கேள்விக்கு என்ன? கூட்டல்ல எங்கயாவது தப்பா?

— இருவது வருசமா உங்க பேப்பர் கட்டெல்லாம் இந்தச் சாப்பாட்டு மேசையில நாந்தானுங்களே கூட்டறேன்? ஒத்தை மார்க்கு தப்பியிருக்குமா? கேள்வியப் பத்தித்தான் கேக்கறேன்.

— அது உனக்கு எதுக்கு? உனக்கு வேண்டியது ஓரத்துல இருக்கற நம்பர், அவ்வளவுதான்.

— நீங்க கேட்டிருக்கறதச் சொல்றேன், கேளுங்க. ஹெச்சுன்னு ஒரு புருசன், டபிள்யூன்னு ஒரு பொண்டாட்டி. ரெண்டு பேரும் ஒரே ஆபீசுல ஸ்டெனோ. டபிள்யூ சம்பாதிச்சுப் போட, ஹெச்சு சாயங்காலக் காலேஜுல சட்டம் படிச்சுப் பெரிய புரொபசர் ஆயிட்டான். அவனுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கறாங்க. மேடையில டபிள்யூ மைக்கைப் புடிச்சு, அவன் மறைச்சு வெச்சிருந்தத, என்ற வீட்டுக்காரரு ஸ்டெனோவா இருந்தவருன்னு எல்லார்த்துக்கும் முன்னால சொல்லிப்போட்டா. அதும்பத்தாம ஒரு வருசமா தெனமும் நேரங்கழிச்சு ஊட்டுக்கு வர்றா. இது மனசளவுல கொடுமை, எனக்கு விவாகரத்து வேணும்ங்கறான். கெடைக்குமா, கெடைக்காதா? இருவது மார்க்கு.

— நல்லாத்தான் படிச்சிருக்க.

— யாருங் அந்த ஹெச்சு?

— லுக், சட்டப் பரீட்சைல எல்லாக் கேள்வியிலயும் ஒரு ஹெச் இருப்பான், ஒரு டபிள்யூ இருப்பா. கொலைக் கேள்வின்னா ஏ, பி. எல்லாம் கற்பனை.

— கற்பனையா? டில்லியில எத்தனை ஸ்டெனோ புரொபசர் ஆயிருக்கானுங்? எத்தனை பேருக்குப் போன டிசம்பர்ல அம்பதாவது பொறந்த நாள்னு விழா எடுத்தாங்க? எத்தனை பேரு பொண்டாட்டி பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு மேடையேறுனா? அட சாமி, சேலை நெறத்த மட்டுந்தான் உட்டுப்போட்டீங்க!

— மெதுவாப் பேசு. கீழ் வீட்டு ராமமூர்த்தி காதுல விழும்.

— விழுவட்டும். மயூர் விஹார் பூராம் கேக்கட்டும். மூணு காலேஜுக்கும் சேத்து ஆயிரம் புள்ளைங்களுக்கு என்ற பொழப்ப அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க. ராமமூர்த்தி கேட்டா உங்க கிரீடம் எறங்கிருமாக்கும்?

— அச்சா, சரி. ஒத்துக்கறேன். நம்ம விஷயந்தான். இப்ப என்ன? அன்னிக்கு நீ என்னை என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியுமா? முன்வரிசைல ரெண்டு ஜட்ஜ். பக்கத்துல வைஸ் சான்சலர். மரியாதைக்கு 'மேடம் ரெண்டு வார்த்தை'ன்னு கூப்பிட்டா, வணக்கம், நன்றின்னு சொல்லிட்டு இறங்க வேண்டியதுதானே?

— நான் அப்பிடி என்னத்தச் சொல்லிப்போட்டேன்? நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில டைப்படிச்சோம், அவுரு மத்தியானம் பட்டினி கெடந்து படிச்சாரு, இன்னிக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காருன்னேன். பெருமையில சொன்னேனுங்! உங்களத் தூக்கி வெக்கோணும்னு சொன்னேன்!

— எல்லார் கையிலயும் அந்த விழா மலர் இருந்துது, அருக்காணி! அதுல என்ன போட்டிருந்துது?

— நல்லா நெனப்பிருக்குங். 'எழுபத்தி மூணு முதல் எழுபத்தெட்டு வரை சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்.' அந்த அஞ்சு வருசமும் நீங்க இங்க டில்லியில மோதி பாக் குவார்ட்டர்ஸ்ல என்னோட இருந்தீங்க. காத்தால எட்டரை மணி பஸ்ஸுல ரெண்டு பேரும் தொங்கிட்டுப் போனோம். மெட்ராஸ் ஐக்கோர்ட்டு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா?

— எல்லாரும் ஒரு வரி, ரெண்டு வரி சேத்துத்தான் எழுதறான். எங்க ஃபேகல்ட்டில பாரு. ஒருத்தனுக்கு அப்பா அட்டர்னி, ஒருத்தனுக்கு மாமனார் ஜட்ஜ், இன்னொருத்தன் லண்டன்ல படிச்சவன். அவங்க நடுவுல நான் ஸ்டெனோன்னு எழுதிக்கிட்டு உக்காந்திருந்தா டீன் லிஸ்ட்ல என் பேரு வருமா? அன்னிக்கு ராத்திரியோட போச்சு. இப்ப காரிடார்ல நான் போனா பின்னால ஒருத்தன் கை ரெண்டையும் டைப்படிக்கற மாதிரி ஆட்டிக் காட்டறான்.

— அவன் ஆட்டுனா அவன் கையில ஒண்ணு போடறத உட்டுப்போட்டு, என்னைய வெட்டி உடறதாக்கும் ஞாயம்? அப்பறம் இன்னொரு வரி. 'தலைமுறைகளாக நீதிமன்றத்தோடு தொடர்புடைய குடும்பம்.' உங்கய்யன், என்ற மாமன், கோபி முன்சீப் கோர்ட்டுல டவாலி! சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு பேரு கூப்புட்ட மனுசன். அவரு கூப்புட்டா கடைவீதி வரைக்கும் கேக்குமுங். அந்த மனுசனக் கூச்சப்பட்டு மறைச்சு...

— எங்கய்யனப் பத்திப் பேசாத! வாயை மூடறயா இல்லயா புள்ள? பல்லு எகிறிப் போயிரும் பாத்துக்க!

— அப்பாடா! கோவம் வந்தாத்தான் உங்களுக்கு கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சு வருது. இருவத்தஞ்சு வருசமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இதே வாய்தான என்னைய வெளியாளுங்க முன்னால அருணான்னு கூப்புடுது? அருக்காணின்னு சொன்னா நாக்குல சுடுதாக்கும்?

— ...சாரி. தண்ணி குடு.

— எடுத்துக் குடிங்க. அந்தக் கூசாவுல இருக்குது. இப்பச் சொல்லுங்க, பரீட்சைக்கு மட்டுந்தானா, இல்ல நெசமாவே கேஸ் போடப் போறீங்களா?

— வக்கீல் வெங்கடேஸ்வரன் கிட்டப் பேசிட்டேன். பெட்டிஷன் டைப் ஆயிடுச்சு. ஜூலைல கோர்ட் திறந்ததும் போடறதா இருக்கு.

— டைப்பாயிருச்சா? உங்க தீசிஸ மூணு தடவ அடிச்சவ நான். இதையும் என்கிட்டக் குடுத்திருந்தா தப்பில்லாம அடிச்சிருப்பேனே!

— கிண்டல் பண்ணாத. இந்த வீட்டுல நீ எங்க இருக்க, சொல்லு? ஒன்பது மணிக்கு வர்ற. கேட்டா ஓவர்டைம்ங்கற. எனக்குச் சாப்பாடு டிபன் கேரியர்ல. நான் யாருகூட வாழறேன்?

— ஒரு வருசமா நேரங்கழிச்சு வர்றேன், நெசந்தான். ஏன்னு ஒருநாள் கேட்டீங்களா? ஓவர்டைம்னேன், சரின்னுட்டு டிவி பாத்தீங்க. செத்துக் கித்துக் கெடந்தாக்கூடக் கேரியர் வரலைன்னாத்தான் தேடியிருப்பீங்க.

— பாத்தியா, இதுதான் கொடுமைங்கறது.

— அப்ப நேரா என்கிட்ட வந்து, அருக்காணி, எனக்கு உன்னோட ஒத்து வரலைன்னு சொல்லியிருக்கலாமே? எதுக்குங் பரீட்சையில கேட்டீங்க?

— கேஸ் நிக்குமான்னு எனக்குச் சந்தேகம். வெங்கடேஸ்வரன் ஃபீஸ் வாங்கறவன், நிக்கும்னுதான் சொல்லுவான். பரீட்சை எழுதறவனுக்கு என்மேல பாசமும் இல்லை, பயமும் இல்லை. நூறு மூளை உக்காந்து யோசிச்சா எங்க ஓட்டைன்னு தெரிஞ்சிடும்னு நினைச்சேன்.

— அட கருமமே! ஊட்டுக்காரிய வெரட்டறதுக்கு ஊரு புள்ளைங்ககிட்ட ரோசனை கேட்டிருக்கீங்க. மூணு மணி நேரம் மின்விசிறி கூட ஓடாத ஹால்ல உக்காந்து அதுங்க எழுதியிருக்குது. சரி, என்ன சொல்லுது உங்க நூறு மூளை?

— நூத்தி முப்பது பேருக்கு மேல கிடைக்கும்னு எழுதியிருக்கான். ஆனா அது எதுக்கும் பிரயோஜனம் இல்லை. என் புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே வாந்தி எடுத்திருக்கான். எனக்கு வந்தது சாயங்காலக் காலேஜ் கட்டு. பகல்ல ஆபீஸ்ல ஃபைல் தள்ளிட்டு வர்ற குமாஸ்தாக் கும்பல், வேற எப்படி எழுதும்?

— குமாஸ்தாக் கும்பலா? உங்க வாயில அது வருதா? எழுபத்தஞ்சுல அந்தக் கும்பல்ல மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தது யாருங்? கால்ல செருப்பு அறுந்து ஊக்கு குத்திட்டுப் போனது யாருங்?

— சரி, விடு. ஒரு பேப்பர் மட்டும்... நீயே கூட்டியிருப்பியே, அஞ்சாவது கேள்விக்குப் பதினெட்டு போட்டிருப்பேன்.

— பாத்தேன். இந்த இருவது வருசத்துல பதினஞ்சுக்கு மேல நீங்க போட்டே பாத்ததில்ல. அதான் ஆச்சரியமா இருந்துது. அது உங்களுக்குத் தோதா எழுதியிருக்குதாக்கும்?

— எங்க? எனக்கு எதிரா! கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கு. கிழிச்சுப் போட்டுடலாமான்னுகூட நினைச்சேன். ரெண்டு நாள் மேசைலயே வச்சிருந்தேன்.

— என்ன எழுதியிருக்குதுங்?

— 'ஒருத்தர் பெருமையாகச் சொன்ன உண்மை, கேட்டவருக்குக் கூச்சமாக இருந்தால் அது சொன்னவரின் கொடுமை ஆகாது. ஹெச் பொய் சொல்லியிருக்காவிட்டால் டபிள்யூ சொன்னதில் அவமானம் எங்கே வந்தது? தன் பொய் வெளிப்பட்டதற்கு மனைவியைத் தண்டிக்கச் சொல்லி ஒருவர் நீதிமன்றத்துக்கு வர முடியாது.' அதோட விட்டானா? டபிள்யூ நேரங்கழிச்சு வர்றான்னா அவ எங்க போறான்னு ஹெச் ஒரு தடவையாவது கேட்டானா, கேக்காதவன் புகார் பண்ணலாமான்னு ஒரு பாரா. நாலு தீர்ப்பு, நாலும் சரியான இடத்துல. ஓட்டை தேடினேன், அருக்காணி. இல்லை.

— அப்பறமும் எதுக்குப் பதினெட்டு போட்டீங்க?

— என்ன கேள்வி இது? பயோடேட்டால பொய் எழுதுவேன். மார்க்ல எழுத மாட்டேன். அது ஒண்ணுதான் நான் சுத்தமா வச்சிருக்கறது.

— ...அது நெசந்தானுங். அத நான் எப்பவும் சொல்லுவேன்.

— கையெழுத்து என்னவோ கோழி கிளறின மாதிரி. ஆனா மூளை! பரம்பரை வக்கீல் வீட்டுப் பையனா இருக்கணும். பகல்ல அப்பா ஆபீஸ்ல உக்காந்துட்டு சாயங்காலம் படிக்கறான். இதெல்லாம் ரத்தத்துல வரணும், அருக்காணி. ஸ்டெனோ கிட்ட எதிர்பாக்க முடியாது.

— அப்பிடிங்களா.

— வெங்கடேஸ்வரனால இவன் முன்னாடி அஞ்சு நிமிஷம் நிக்க முடியாது. நல்ல வேளை, உனக்கு வக்கீலா வரப்போறது இவன் இல்லை.

— நான் வக்கீலாகறதுக்கு இன்னம் ரெண்டு வருசம் இருக்குதுங். நான் டைப்படிச்சதத்தான பாத்திருக்கீங்க, என்ற கையெழுத்து உங்களுக்கெங்க தெரியும்? அந்தக் கேள்விய நான் மொதமொதல்ல படிச்சது இந்தச் சாப்பாட்டு மேசையில இல்ல, போன மாசம் அந்தப் பரீட்சை ஹால்ல.