கம்பி லாசர்

— லாசர்னா... கம்பி லாசர் நீதானே?

— ஆமா சார். ஒரகடத்துல அப்டித்தான் கூப்புட்றாங்க.

— பாரு, எனக்கு மழுப்பினா புடிக்காது. தகடு அடிக்கற பிரஸ் மிஷின்ல எதுக்குய்யா ரெண்டு பட்டன்?

— ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தாதான் மிஷின் அடிக்கும் சார். கை உள்ள மாட்டாது.

— நீ ஒரு பட்டன கம்பியால கட்டிட்டே.

— ஒரு கையில பட்டன், ஒரு கையில தகடுன்னா ஷிப்டுக்கு முந்நூறு பீஸ் கூட வரும் சார். சூப்பர்வைசரும் பாத்துகினுதான் இருந்தாரு.

— அவர் கதை வேணாம். உன் கதையச் சொல்லு.

— ஷிப்டு முடிஞ்சி கம்பிய அவுக்க மறந்துட்டேன். அடுத்து ஒக்காந்த சரோஜாவுக்கு மூணு வெரலு பூட்ச்சி. அது கத்துன கத்து இன்னும் காதுல கீது சார்.

— வேலைய விட்டுத் தூக்குனத கம்பெனி எழுதிக் குடுத்துதா?

— இந்தா கீது சார், நான் ஒத்துகினு எழுதுனதும் அதுலயே கீது. இதப் பாத்துட்டு தண்டலத்துலருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரிக்கும் ஒருத்தரும் சேக்கல. ஒன்றர வருசமாச்சி. ஒரு தபா தப்பு பண்ணா ஆயுசுக்கும் பட்னியா சார்? வூட்ல சம்சாரம் அன்னபுஷ்பம் வேற முழுகாம கீது.

— "கம்பி கட்டியது நானே." கையெழுத்து உன்னதுதானே?

— என்னுதுதான் சார்.

— பாரு, உன்ன எப்படிய்யா நம்பறது? இங்கயும் கட்டமாட்டேன்னு என்ன நிச்சயம்?

— பொறக்கப்போற புள்ள மேல சத்தியம் சார். அந்தப் பக்கமே கை போவாது.

— இந்த விஷயம் ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?

— பஸ் கண்டக்டருக்குகூட தெரியும் சார். இன்னா சார், சுத்திச் சுத்தி இதயே கேக்கறீங்க?

— சேத்துக்கறேன்யா. பிரஸ் மூணுக்கும் இனிமே நீதான் பொறுப்பு. அந்தக் காகிதம் இங்கயே இருக்கட்டும்.

— நெசமாவா சார்! ரகுபதி சார், நீங்க நல்லாருக்கணும். கர்த்தர் ஒங்க குடும்பத்த ஆசீர்வதிப்பாரு சார்.

— சரி சரி. இந்த ஆர்டர்ல கையெழுத்துப் போடு. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு, அதுக்குள்ள எல்லாம் சரியா இருக்கணும்.

— இருங்க சார். போன திங்கக்கெழமயே சேந்துட்டேன்னு போட்டுகீது. நான் இன்னிக்குதானே வந்தேன்?

— பாரு, அதெல்லாம் ஆபீஸ் வழக்கம். போடுய்யா.

— சார்... போன வியாழக்கெழமதானே இந்த ஷெட்லருந்து ஒரு பொண்ண, கையில துணி சுத்தி, வண்டில ஏத்திகினு போனாங்கன்னு டீக்கடைல சொன்னாங்க?