கரடி கொண்டுபோன மஃப்ளர்

சத்தியமாச் சொல்றேன் தம்பி, நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்தக் கூரை இப்பவே என் தலையில விழட்டும்! ...சே, ஒழுகுதே! இப்படித் தள்ளி உக்காருங்க. வாசல்ல சீட்டுக் கிழிக்க மட்டும் ஆள் இருக்கு, கூரையப் பாக்க ஆளில்ல.

தேசியப் பூங்காவாம்! என்ன இருக்கு இங்க? பாறை. பாறைக்குப் பின்னாடி? அதைவிடப் பெரிய பாறை. அப்புறம் ஏன்யா வர்றேங்கிறீங்களா? அருவியப் பாக்கத்தான்! ஒரு வருஷமா வர்றேன், சத்தம் கேக்குது, தண்ணியக் காணோம்.

பனிக்காலத்துல மச்சானோட வந்தேன். சம்சாரத்தோட தம்பி. 'இந்தக் காடு எனக்கு உள்ளங்கை மாதிரி மாமா'ன்னு வழி நெடுக அளந்தான். மூணு வழி பிரியுற இடத்துல அம்புப் பலகை இடதுபக்கம் காட்டுச்சு. போனான். இடுப்பளவு சேறு! அன்னிக்குத்தான் என் சிவப்பு மஃப்ளரு... சம்சாரம் ரெண்டு மாசம் உக்காந்து பின்னுனது... ஒரு கரடி என் கழுத்துலருந்து உருவிட்டுப் போச்சு. அது தன் கழுத்துல சுத்திக்கிட்டு 'எப்படி இருக்கு?'ங்கிற மாதிரி திரும்பிப் பாத்துச்சு தம்பி! சிரிக்காதீங்க.

பூப்பூக்குற காலத்துல சம்சாரத்தோட வந்தேன். அதே பலகை நடுவழியக் காட்டுது! போனா முள்ளு, முள்ளு, அதுக்கப்புறம் செங்குத்துப் பாறை. அது பலகையா, காத்தாடியா? கோடைல பாறையெல்லாம் அடுப்பு, ஏற முடியல. இதே பெஞ்சுல உக்காந்து அந்தப் பலகையப் பத்தி வனத்துறைக்குப் புகார் எழுதுனேன். எட்டுப் பக்கம்!

ஆமா, உங்க சட்டை ஏன் இப்படிக் கிழிஞ்சிருக்கு? நடுவழியா? ...அடப்பாவமே.

நாலு மாசம் தூங்குன ஆபீசு இன்னிக்கா முழிக்கணும்? இந்த மழையில வனக்காவலர் விசாரிக்க வந்துட்டாரு. 'எங்க வீட்டுக்காரர் பொய்யே சொல்ல மாட்டார், வாங்க காட்டுறேன்'னு சம்சாரம் அவரக் கூட்டிக்கிட்டு மேல போயிட்டா. முப்பத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்காகப் பரிஞ்சு பேசுறா தம்பி! நான் முட்டிவலின்னு இங்கேயே உக்காந்துட்டேன். வலி முட்டியில இல்ல...

என்னத்தச் சொல்ல. மச்சான் வாய அடைக்கணும்னு நான்தான் முன்னாடி ஓடிப்போய்ப் பலகையத் திருப்புனேன். ஆணி லூசு, நிக்க மாட்டேன்னுச்சு. கழுத்துல இருந்தத அவுத்துப் பின்பக்கமா இறுக்கிக் கட்டுனேன். அடுத்த தடவ, சம்சாரம் மூச்சு வாங்கி நின்ன நேரத்துல, சரிபண்ணிடலாம்னு ஓடுனேன். பனி உருகி இடமே வேற மாதிரி கிடக்கு! முதல்ல எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. குத்துமதிப்பா நடுவுல தள்ளி வச்சேன். முடிச்சு இறுகிப்போயிருச்சு, மஃப்ளர அவுக்க வரல...

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்களக் குத்துன முள்ளுக்கும் நானா பொறுப்பு? சரி, நான்தான்... இருங்க, அங்க இறங்கி வர்றது யாரு? கையில சிவப்பா... போச்சு!

தம்பி, கேட்டா கரடிதான் பலகையத் திருப்பிக் கட்டுச்சுன்னு சொல்லுங்க. யார் சொன்னான்னு கேட்டா, கரடியே வந்து சொல்லுச்சுன்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க!