மிளகுத் தராசில் ஏறியவர்

மாத்தளையில் மழை பிடித்துக்கொண்டால் யாரும் உடற்பயிற்சிக்கு வருவதில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுடச்சுட ரோல்ஸும் தேத்தண்ணியும் கிடைக்கிற ஊரில், ஈரக் குடையோடு படியேறி வந்து இரும்பு தூக்கு என்றால் நானே போகமாட்டேன். ஜிம் என்னுடையது என்பதால் போகிறேன்.

நடந்ததைக் கைப்பட எழுதித் தரும்படி பள்ளிவாசல் நிர்வாக சபை கேட்டது. கேட்டது நல்லதுதான். வாயால் சொன்னால் ஆட்கள் இடையில் மறித்துவிடுவார்கள்.

என் பெயர் இன்ஷாப். வாப்பா மிளகுக் கடை வைத்திருந்த கட்டடத்தில்தான் ஜிம்மைத் தொடங்கினேன். முதல் வருடம் எனக்குத் தொழில் தெரியவில்லை. நன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டேன். ஆட்கள் மெலிந்தார்கள். மெலிந்ததும் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து, "ஜஸாக்கல்லாஹ் மாஸ்டர்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. வருட முடிவில் என்னிடம் ஒன்பது பேரும் பதினான்கு பேரீச்சம்பழப் பெட்டிகளும் மிஞ்சியிருந்தன.

நிலைத்து நிற்கிற வழி எது என்று நிறைய யோசித்தேன். வருடச் சந்தா என்றால் நோன்பு மாதத்தைக் கழிக்கச் சொன்னார்கள். பெண்களுக்குக் காலை நேரத்தை ஒதுக்கலாம் என்றால், பயிற்சி கொடுக்க நான் கேட்டுவைத்த இரண்டு பெண்களும் கத்தாருக்குப் போய்விட்டார்கள். புரத மா விற்கலாம் என்றால், அந்த விலைக்கு மாட்டிறைச்சியே வாங்கலாமே என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பிறகு ஒருநாள் சலூனில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. முடி திரும்ப வளர்கிறது, அதனால் சலூன்காரர் பிழைக்கிறார். என்னிடம் வருகிறவரும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே நின்றுகொண்டிருந்தால் போதும்.

வாப்பாவின் தராசு அங்கேயேதான் கிடந்தது. மிளகு மூட்டையை அப்படியே ஏற்றி நிறுக்கிற இரும்பு மேடைத் தராசு. நாவுலயிலிருந்தும் லக்கலயிலிருந்தும் மூட்டை கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் அதைத் தெரியும். டிஜிட்டல் தராசை நம்பாதவர்கள்கூட அதை நம்பினார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு திருகாணி உண்டு. வாப்பா மிளகு வாங்கும்போது அதைக் குறைகிற பக்கம் திருப்புவார். அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும். நான் அந்தப் பக்கம் ஒருநாளும் திருப்பியதில்லை. கூடுகிற பக்கம்தான் திருப்பினேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு நிறுவை நாள். தராசை ஓர் அறையில் வைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டேன். ஒருவருடைய நிறை இன்னொருவருக்குத் தெரிவது மரியாதை இல்லை. யாருக்கு எத்தனை சுற்று என்பதை மனதில் வைத்துக்கொண்டேன். வேலை சுலபமாக நடந்தது. ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள், ஆனால் வந்தார்கள். மழையிலும் வந்தார்கள்.

முஸம்மில் என் தங்கை றுஸ்னாவின் கணவர். பாடசாலை வேன் ஓட்டுகிறவர். ஆறடி உயரம், தொண்ணூற்றாறு கிலோ. எண்பதுக்கு வந்ததும் இரண்டு பேருமாக மக்காவுக்கு உம்ரா போவது என்று நிய்யத் வைத்திருந்தார். அங்கே மூச்சு வாங்காமல் நடக்க வேண்டும், அதுவரை டிக்கட் போடுவதில்லை என்று பிடிவாதம். றுஸ்னா பயணத்துக்கு இரண்டு வெள்ளை அபாயா தைத்து அலுமாரியில் தொங்கவிட்டிருந்தாள்.

அவரைப் போல உழைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அவர் வந்தால் மற்றவர்களுக்கும் ரோஷம் வரும். அப்படிப்பட்டவரை எண்பதில் நிறுத்தி வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், திருகாணி இரண்டு கிலோவுக்கு மேல் போகாது. மனிதர் அதைத் தாண்டி மெலிந்துகொண்டே போனார். ஆகவே ஜிம்மின் ஐந்து கிலோத் தட்டு ஒன்றை எடுத்து, தராசின் மேடைக்கு அடியிலிருந்த குழிவில் செருகினேன். பிறகு இன்னொன்று. பிறகு அவற்றோடு பத்துக் கிலோ ஒன்று. அவர் நிறுக்க வரும்போது மட்டும்தான். அப்படி நான்கு மாதம் முள் எண்பத்தாறிலேயே நின்றது.

"மச்சான், பத்துக் கிலோத் தட்டொண்ட காணல்லயே?" என்று அவரே ஜிம் முழுக்கத் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

றுஸ்னா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "நானா, இவரு ராவைக்குச் சோறே தின்றல்ல. வெறும் தேத்தண்ணிதான். பெல்ட்டுக்கு மூணு ஓட்ட போட்டுட்டேன்."

"தோல் பெல்ட் வெயிலுக்கு நீளும்" என்றேன். அது பொய்யல்ல, தோல் நீளத்தான் செய்யும்.

போன மாதம் பாடசாலை வாசலில், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, அவர் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் இறங்கிய பிறகு என்பதைக் கவனிக்கவும். ஆஸ்பத்திரியில் நிறை பார்த்தார்கள். அறுபத்தாறு. முஸம்மில் நர்ஸ் மிஸ்ஸிடம், "ஒங்கட தராசு பிழை மிஸ், என்ட மச்சான்ட தராசுல பாருங்க" என்றாராம். இதயம் களைத்துவிட்டது, ஒரு வருடத்துக்கு நெடும்பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு றுஸ்னா வந்தாள். ஸலாம் சொல்லவில்லை. நேரே தராசு இருந்த அறைக்குப் போய், முழங்கால் போட்டு, மேடைக்கு அடியில் கையை விட்டாள். அவளும் வாப்பாவின் பிள்ளைதானே, எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். கடைசி நிறுவைக்குப் பிறகு நான் எடுக்க மறந்திருந்த மூன்று தட்டுகளையும் இழுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள்.

"இருபது கிலோ, நானா. இவ்வளவும் அவர்ட ஒடம்புலேந்து போனது."

அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தட்டுகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்கு, உங்களிடம் கொண்டுவந்தவள் அவள்தான். அவை மூன்றும் ஜிம்முக்குச் சொந்தமானவை, விசாரணை முடிந்ததும் திருப்பித் தரவும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தட்டுகளை வைத்தது நான். திருகாணியைத் திருப்பியதும் நான். முஸம்மிலின் இருபது கிலோவையும் தங்கையின் உம்ராவையும் தின்றது என் தராசுதான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

முஸம்மிலிடம் றுஸ்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. "இன்ஷாப் அப்பிடிச் செய்ற ஆளில்ல" என்று சண்டை பிடித்தாராம். நேற்று, கையில் ஊசி போட்ட பிளாஸ்டரோடு ஜிம்முக்கு வந்தார். இப்போது அவர் உடம்பில் பத்துக் கிலோ ஏற வேண்டுமாம், டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வருடத்துக்குள் ஏறிவிட்டால் டிக்கட் போடுவார்களாம்.

"எனக்கு ஒன்ட தராசுலதான் நம்பிக்க மச்சான்" என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

முதல் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். திருகாணியைத் துடைத்து எண்ணெய் விட்டாயிற்று. வாப்பா திருப்பிய பக்கமும் இன்னும் நன்றாகத்தான் சுற்றுகிறது.