தண்ணியில் நடந்து வந்த வாரண்டி

கதிர்காமம் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இருந்த மரம் வெட்டுபவர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"புயலன்னிக்கு வாரண்டி தண்ணில நடந்து வந்துச்சுடா."

"என்னா சொல்ற?"

"ஒரு வீட்டு மேல வேப்பமரம் சாஞ்சிடுச்சு. உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. பாதி அறுக்கிறப்ப என் மரம் அறுக்குற மெஷின் நின்னுபோச்சு. வாரண்டி இருந்துச்சு, வாங்குன கடைக்குப் போன் போட்டேன். நாளைக்கு எடுத்துட்டு வாங்கன்னு கடை முதலாளி சொல்லுவாருன்னு நெனச்சேன்."

"சொல்லலியா?"

"ரோட்டுல இடுப்பளவு தண்ணி. விக்க வெச்சிருந்த புது மெஷினைத் தலைல தூக்கிக்கிட்டு முதலாளியே நடந்து வந்தாரு. அதுல அறுத்துதான் அந்தம்மாவ வெளிய எடுத்தோம்."



"அப்புறம்?"

"அந்தம்மா மூச்சு வாங்கி உக்காந்தப்புறம், என் பழைய மெஷினைக் கையில எடுத்தாரு. 'இப்பச் சொல்லுங்க, இதுக்கு என்னா பிரச்சனை'ன்னாரு."