புதன்கிழமை ஜெபம்

சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டதை நீங்கள் உபசாரமாக எடுத்துக்கொண்டீர்கள், மேடம். உபசாரம் இல்லை. ஒருவர் சாப்பிட்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். நீங்கள் காலையிலிருந்து வெறும் டீயோடு இருக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரர் ராஜையனைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் இது. ஜெபம் செய்யாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். பசித்தால் ஜெபம் ஒரு வரிதான். ஆமென் சொல்வதற்குள் கை கிழங்கில் இருக்கும். கடைசி நாலு வருஷம் புதன்கிழமை மட்டும் ஜெபம் நீளும். மழை, மிஷனரிகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் அதில் வந்துபோவார்கள். புதன்தோறும் சபைக் கமிட்டிக்குப் போய்வருகிறார், பக்தி கூடியிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னைப்போல் ஒரு மண்டு உண்டா.

எங்கள் மகள் பெமிலா பெங்களூரில் மூளை ஆராய்ச்சியில் இருக்கிறாள். ஒருநாள் போனில் அவள் வேலையைப் பற்றிக் கேட்டேன். "பசிச்சவனுக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டினா மண்டைக்குள்ள வெளிச்சம் அடிக்கும்மா. வயிறு நெறஞ்சிருக்கும்போ அது மங்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்ததும், வேடிக்கைபோல என் போனில் சாப்பாட்டுப் படங்களைத் தள்ளிக் காட்டுவேன். மற்ற நாளில் சாளை மீன் கறி வந்தால் கண் நிற்கும், தொண்டை ஏறி இறங்கும். புதன்கிழமை எந்தப் படத்திலும் கண் நிற்காது. மூன்று புதன் பார்த்தேன். நாலாவது புதன், கமிட்டிக்குக் கிளம்பியவர் பின்னாலேயே போனேன்.

அவர் போனது ரெஜிலா வீட்டுக்கு. ரெஜிலா என்னோடு பெண்கள் சங்கத்தில் பாடுகிறவள், கணவனை இழந்தவள். சாளைக் கறிக்குத் தேங்காய் எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஜன்னல் வழியே பார்த்தேன். தட்டு வந்ததும் ஜெபமே செய்யாமல் சாப்பிட ஆரம்பித்தார்.

மற்றதையெல்லாம் மன்னித்திருப்பேன். ஆனால் அங்கே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து, "கறி நல்லாட்டு இருக்கு பிள்ளே" என்று நாலு வருஷம் சொன்னாரே, அது எனக்கு ஆறவே இல்லை. ஆனாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின, விழுங்கவும் முடியவில்லை. மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் கஞ்சி. அதற்கு முன்னால், நான் எனக்குச் சமைத்ததைப் படமெடுத்து அவருக்குக் காட்டுவேன். கண் அப்படியே நிற்கும். கஞ்சியைத் தாமதித்தால் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும். அதனால் தாமதித்தேன். முப்பது வருஷத்தில் என் சமையலை அவர் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நாட்களில் நிம்மதியாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கஞ்சி கொடுத்து முடித்த கையோடு படங்களைத் தள்ளினேன். வயிறு நிறைந்திருந்தது, என் கறி, என் கிழங்கு, என் புட்டு எதிலும் கண் நிற்கவில்லை. அடுத்து, ரெஜிலா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த சாளைக் கறிப் படத்தைக் காட்டினேன். கண் நின்றது. விழுங்க முடியாத அந்தத் தொண்டை அசையப் பார்த்தது. அவள் கறிக்கு மட்டும் நிறைந்த வயிற்றிலும் இடம் இருந்திருக்கிறது.

மறுநாள் காலையிலிருந்து குழாயில் ஒன்றும் விடவில்லை. நல்ல சாளை வாங்கிக் கறி வைத்தேன், மரச்சீனிக்கிழங்கு அவித்தேன். இரண்டு மணிக்கு அவரைச் சாய்த்து உட்காரவைத்து, அசைகிற இடது கைப்பக்கம் தட்டை வைத்தேன். ஜெபத்தை நானே செய்தேன், ஒரு வரிதான். பிறகு கதவைச் சாத்திவிட்டு முற்றத்துக்குப் போனேன். என் கையால் நான் ஊட்டவில்லை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் கட்டிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் கறி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே போனேன்.

செத்துப்போவார் என்று தெரிந்துதான் வைத்தேன், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் தட்டில் பாதிக்கு மேல் காலி, மேடம். பிடிக்காத கறியை யாராவது அவ்வளவு சாப்பிடுவார்களா?