காற்றில் பட்டவர்கள்

மழை விட்டு மூன்றாம் நாள்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடும். மழையில் யாரும் வயலுக்கு எண்ணெய் அடிக்க மாட்டார்கள். பூச்சிமருந்தை எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். வெயில் எறித்ததும் போத்தல்கள் வெளியே வரும். அடித்தது போக மிச்சம் வயல் வாடிக் குடிசையிலும் வீட்டுக் கூரையோர இறவாணத்திலும் கிடக்கும். கோபம் வந்தவர்களின் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கும். பெரும்போகக் காலத்தில் வானத்தைப் பார்த்தே எத்தனை கட்டில் வேண்டும் என்று என்னால் சொல்லிவிட முடியும்.

நீங்கள் இருவரும் விசாரணைக்காகக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இந்த நாட்களில் அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

வார்டின் கோடியிலுள்ள நாலு கட்டில் அறையை உருவாக்கியவன் நான். அதற்கு முன் அது பழைய மெத்தைகள் போடுகிற அறை. ஒட்சிசன் சிலிண்டரை மட்டக்களப்பிலிருந்து மீன் லொறியில் ஏற்றி வந்தேன். நெஞ்சுச் சளியை உறிஞ்சக் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று, மூச்சு நின்றவர்களுக்குக் கையால் அமுக்குகிற றப்பர் பை ஒன்று. அவ்வளவுதான் எங்கள் அதிதீவிர சிகிச்சை. முன்பு எண்ணெய் குடித்து வந்த பத்துப் பேரில் ஆறு பேர் மையவாடியில் அடங்கினார்கள். அந்த அறை வந்தபிறகு மூன்று பேர். அதைப்பற்றி யாரும் விசாரிக்க வரவில்லை.

குடித்தவருக்குக் கண்மணி கடுகுபோலச் சிறுக்கும். வாயில் நுரை தள்ளும். நெஞ்சில் நீர் கோக்கும். அத்ரோபின் ஊசி போட்டால் நெஞ்சு காயும், ஆள் கண் விழிப்பார். பிறகுதான் சிக்கல். ஊசியை எப்போது நிறுத்துவது? சீக்கிரம் நிறுத்தினால் உடம்பில் ஒளிந்திருக்கிற நஞ்சு திரும்ப ஏறும். எத்தனையாவது மணித்தியாலத்தில் ஏறும் என்று நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை. இதைக் கேட்டுக் கொழும்பில் ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். நல்ல கேள்வி, ஆனால் இருபது பேருக்குக் குறைந்தால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்று இரண்டு வரியில் பதில் போட்டார். சாய்ந்தமருதில் பிறந்த ஒருவனுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அது இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

ஒரு கொப்பி எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். வலது பக்கம், எண்ணெய் குடித்தவர்கள். அவர்களுக்கு ஐந்து நாள் தொடர்ந்து ஊசி. இடது பக்கம், எண்ணெய் அடிக்கும்போது காற்றில் பட்டவர்கள். அவர்களுக்கு ஆறு மணித்தியாலத்தில் ஊசியை நிறுத்தி, மணிக்கு ஒருதரம் கண்ணையும் நெஞ்சையும் பார்த்துக் குறிப்பது. காற்றில் பட்டவரின் உடம்பில் நஞ்சு கொஞ்சம்தான். ஆறு மணித்தியாலம் தாராளம். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குறை ஒன்று இருந்தது. காற்றில் பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. தலைசுற்றினால் குளித்து, ஒரு செவ்விளநீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். வலது பக்கம் நிறைந்துகொண்டு போக, இடது பக்கம் வெறுமையாகவே கிடந்தது.

எங்கள் ஆட்களைப்பற்றி உங்களுக்கு ஒன்று விளங்கவேண்டும். மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிட வேண்டும். தன் கையால் குடித்து மௌத்தென்றால் பொலிஸ், விசாரணை, உடம்பை வெட்டிப் பார்ப்பது என்று ஒன்றிரண்டு நாள் இழுபடும். வெட்டிய உடம்பைக் குளிப்பாட்ட வருகிற பெண்கள் ஊரெல்லாம் கதைப்பார்கள். அந்த ஜனாஸாவைத் தொழுவிக்கச் சில பள்ளிவாசல் லெப்பைமார் தயங்குவார்கள். அதனால் பிள்ளை நுரை தள்ளிக்கொண்டு கிடக்கும்போதே தகப்பன்மார் யோசிப்பது இரண்டை: பிள்ளை பிழைக்க வேண்டும், பிழைக்காவிட்டால் கட்டில் தலைமாட்டு டிக்கட்டில் குடித்ததென்ற சொல் இருக்கக் கூடாது.

நீங்கள் ஸாலிஹாவைப்பற்றித்தானே கேட்டீர்கள். ஊர் வரிப்பத்தான்சேனை, இருபத்திரண்டு வயது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். தகப்பன் மீராமுகைதீன் சாரனை மடித்துக் கட்டியபடி என் பின்னாலேயே வந்தார்.

"எண்ணெ அடிக்கக்குள்ள காத்துல பட்டுட்டு டொக்டர். அவ பாவம், சோறு கொண்டுவந்தவ. அப்பிடியே எழுதுங்க."

அவளுடைய வாயில் அடித்த நாற்றம் வாசல்வரை வந்தது. காற்றில் பட்டவர் வயிற்றுக்குள்ளிருந்து நாறுவதில்லை. ஒரு தகப்பனின் மானம் அது. அவர் சொன்னபடியே எழுதினேன், கொப்பியில் இடது பக்கத்தில்.

ஊசி நன்றாக வேலை செய்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். மார்பில் பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது. ஏழு மாதக் கைக்குழந்தை வீட்டில். புருஷன் மசூர் அவளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தான். பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று இரண்டு மாதம் சண்டை. இதையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"வாப்பா செல்றது பொய் டொக்டர். நான் குடிச்சன். அரப் போத்தல் இருந்திச்சி. இப்ப எனக்குச் சாக விருப்பமில்ல. புள்ளையக் கொண்டுவரச் செல்லுங்க, பால் குடுக்கணும்."

"ஓம், நாளைக்குக் கொண்டுவரச் சொல்றன்" என்றேன்.

"நான் தப்பிருவன் தானே?"

"ஓம்" என்றேன்.

இரண்டு மணிக்கு ஊசியை நிறுத்தச் சொன்னேன். வினாயகபுரத்துத் தங்கேஸ்வரிதான் அன்றைக்கு நர்ஸ். உங்களுக்குக் கடிதம் எழுதியதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவளில் கோபமில்லை. அந்த வார்டில் ஒழுங்காகக் குறிப்பு எழுதுகிற ஒரே ஆள் அவள். அவள் குனிந்து என் காதோடு சொன்னாள்.

"டொக்டர், அந்தப் பிள்ள குடிச்சதெண்டு தானே செல்லுது. ஊசிய நிப்பாட்டலாமா?"

"டிக்கட்டில என்ன எழுதியிருக்கு?"

"காத்துல பட்டதெண்டு."

"அப்ப டிக்கட்டப் பாத்துச் செய்யுங்க."

மருந்துத் தட்டுப்பாடு என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அன்றைக்கு அலமாரியில் முந்நூற்றுப் பத்து அம்பூல் இருந்தது.

அந்தியானபோதும் நன்றாகத்தான் இருந்தாள். ஊசியை நிறுத்திய பதினோராவது மணித்தியாலத்தில் கண்மணி மறுபடி சிறுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தியவர்களுக்கு ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் வந்தது. ஆகவே எனக்குப் புதிதில்லை, ஆனாலும் நேரத்தைச் சரியாகக் குறித்தேன். விடியும்போது வியர்த்துக் கொட்டியது. சனிக்கிழமை ஏழு மணிக்குத் தங்கேஸ்வரி ஊசியை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நெஞ்சு நிறைஞ்சிட்டு டொக்டர். ஒரு ஊசியெண்டாலும் போடுவம்."

போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். ஓம், பெரும்பாலும் பிழைத்திருப்பாள். ஆனால் நடுவில் போட்டால் அவளுடைய கணக்கு எந்தப் பக்கத்துக்கும் உதவாது. அதுவரை அவள் பட்டதெல்லாம் வீணாகிவிடும். ஊசியை வைத்துவிடச் சொன்னேன். மூச்சு நின்றதும் றப்பர் பையை நானே என் கையால் அமுக்கினேன், இரண்டு மணித்தியாலம். வேறு யாரையும் விடவில்லை. சாகட்டும் என்று நினைக்கிறவன் அப்படிச் செய்வானா? பத்து மணி சொச்சத்தில் முடிந்தது. நண்பகல் ளுகர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டார்கள். வெட்டவில்லை, பொலிஸ் வரவில்லை. சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன்.

குழந்தையை அன்று காலையில் கொண்டுவந்திருந்தார்கள். யார் சொல்லி அனுப்பியது என்று தெரியவில்லை, நான் மறந்திருந்தேன். ஸாலிஹாவின் தாய் பாத்தும்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். அது பசிக்கு அழுதது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்துவிட்டு மீராமுகைதீன் என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். யாரோ அவரிடம் என்னவோ சொல்லியிருக்க வேண்டும்.

"டொக்டர், நான் பொய் செல்லாம உட்டிருந்தா மகள் இருந்திருப்பாவா? உண்மையச் செல்லுங்க. என்ட வாயாலதானா?"

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் காக்கா. மனச அலட்டாதீங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனார். இப்போது தொழுகைக்குப் பள்ளிக்கும் வருவதில்லை, வயலுக்கும் போவதில்லையாம். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். அவருக்கு உண்மை தெரிவது நல்லதென்று நீங்கள் நினைத்தால் சொல்லிக்கொள்ளுங்கள். காற்றில் பட்டதென்ற சொல் அவருடையதல்ல.

அது என்னுடையது. அந்தப் போகம் தொடங்கியபோதே வாசல் காவலாளி சரீபைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தேன். மேற்கே வயல் ஊர்களிலிருந்து எண்ணெய் குடித்தவர்களை ஏற்றிக்கொண்டு மெசின் வந்தால், ஏழை எளியதுகளாக இருந்தால், இறக்குமுன் தகப்பனின் காதில் போடு: குடித்ததென்று சொன்னால் உடம்பை வெட்டுவார்கள், காற்றில் பட்டதென்று சொல்லுங்கள், டொக்டர் நல்லவர், அப்படியே எழுதுவார். சரீப் அதை ஒரு நன்மையான காரியம் என்று நினைத்துச் செய்தான். அவனை நீங்கள் விட்டுவிட வேண்டும். பதினேழு குடும்பத்தார் அவன் சொன்னதைச் சொன்னார்கள். பதினேழு பேரும் குடித்தவர்கள் என்று எனக்கு அவர்கள் வாயை முகர்ந்ததுமே தெரியும். பதினாலு பேர் மௌத்து. யாருக்கும் நான் நஞ்சு கொடுக்கவில்லை. அவர்கள் குடித்துவிட்டு வந்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன், தாருங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருந்து எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள். இருபதுக்கு இன்னும் மூன்று பேர்தான் குறைகிறது.